மெட்ரோவா, பஸ்ஸா: சென்னையின் அடுத்த கோடி எதற்குப் போக வேண்டும்?

2050-க்குள் சென்னையின் நிகர கார்பன் உமிழ்வு பூஜ்ஜியமாக வேண்டும் என்கிறது மாநகராட்சி 2023-ல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம். அப்படியென்றால் பைக்கிலும் காரிலும் போகிறவர்களில் பெரும்பகுதி பொதுப் போக்குவரத்துக்கு மாற வேண்டும். அதற்கான பணத்தை மெட்ரோவில் போடுவதா, பஸ்ஸில் போடுவதா?

மெட்ரோவின் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. சிக்னலில் நிற்காது, போரூர் நெரிசலில் மாட்டாது. பைக்கை விட மனமில்லாதவரையும் இழுக்கும் வேகம் அதற்கு உண்டு. ஆனால் விலை? இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., செலவு ரூ.63,246 கோடி. கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தரும்வரை சுமையில் பெரும்பகுதி மாநில அரசின் தலையில்தான் இருந்தது.

இப்போது பஸ். மெட்ரோவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேர் என்றால், மாநகரப் பேருந்துகளில் 30 லட்சத்துக்கும் மேல். நகரத்தைத் தூக்கிச் சுமப்பது பஸ்தான். ஆனால் 1 லட்சம் பேருக்கு 60 பஸ் என்ற மத்திய அரசின் அளவுகோலை வைத்தால், 1 கோடியைத் தாண்டிய சென்னைப் பெருநகருக்கு 6,000 பஸ்ஸாவது வேண்டும். ஓடுவது கிட்டத்தட்ட அதில் பாதி. காலையில் கோயம்பேட்டில் பூ மூட்டையோடு நிற்கும் பெண்களைப் பாருங்கள். டீலக்ஸ் வந்தால் ஏற மாட்டார்கள். அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். முகப்பில் பிங்க் பூசிய சாதாரணக் கட்டண பஸ் வரும்வரை காத்திருந்து, ஒரு கால் படியில், ஒரு கை மூட்டையில் என்று ஏறுகிறார்கள்.

ஏன் இப்படி? ஜப்பான் அரசின் கடனுதவி நிறுவனமான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை சுரங்கம் தோண்டக் கடன் தருகின்றன. டிரைவர் சம்பளம், டயர், டீசல் என்று மாதாமாதம் ஆகும் செலவுக்கு அப்படி யாரும் வருவதில்லை. குறைந்தபட்சக் கட்டணம் 2018-லிருந்து 5 ரூபாய்தான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம். அந்தத் தொகையை அரசு ஈடுகட்டுகிறது. இதை நஷ்டம் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. பஸ்ஸில் ஏற வைக்கும் எந்தச் செலவும் காலநிலைக்கான செலவுதான்.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. பஸ்ஸும் டிரைவரும் தனியார் நிறுவனத்துடையவை, கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர். ஓடும் கிலோமீட்டருக்குக் கழகம் பணம் தரும். இது தனியார்மயத்தின் முதல் படி என்று தொழிற்சங்கங்கள் கவலைப்படுவதில் அர்த்தம் உண்டு. முதலீடு குறைகிறது, சரி. ஆனால் மாதாமாதம் பில் வரும். பட்ஜெட்டில் உறுதியான ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்த பஸ்களும் பணிமனையில்தான் நிற்கும்.

இன்னொரு சிக்கல்: காலநிலைத் திட்டம் போட்டது மாநகராட்சி. பஸ் மாநில அரசின் கழகத்திடம், மெட்ரோ மத்திய-மாநிலக் கூட்டு நிறுவனத்திடம். மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் முதல்வர் தலைமையில் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதாவது கும்டா, இருக்கிறது. அதற்கான சட்டம் 2010-லேயே வந்துவிட்டது.

என் தேர்வு பஸ். தோண்டிய இரண்டாம் கட்டத்தை முடித்தே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. நீட்டிப்புகளில் விமான நிலையம் – கிளாம்பாக்கம் தடத்தை ஆதரிக்கிறேன். 2023 டிசம்பரில் பஸ் முனையத்தை அங்கே திறந்துவிட்டு மக்களை அலைய விட்டது போதும். பரந்தூர் தடம் காத்திருக்கலாம், அங்கே திட்டமிட்டிருக்கும் புதிய விமான நிலையமே இன்னும் எழவில்லை. அதற்கு முன் பஸ் எண்ணிக்கை 6,000-ஐத் தொடட்டும். அப்புறம், பார்க்கிங் கட்டணமும் நடைபாதையும் மாநகராட்சியின் கையில்தான் இருக்கின்றன. தி.நகரிலும் அண்ணா நகரிலும் காருக்கு வசூலிக்கும் பணத்தை அதே வார்டின் பஸ் நிறுத்தங்களுக்கும் நடைபாதைகளுக்கும் என்று ஒதுக்க, மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாமே.