வீட்டுக்கு வங்கி நோட்டீஸ் வந்தால்: இலவச சட்ட உதவி எவ்வளவு கைகொடுக்கும்?

நேரத்தோடு போனால் பத்துக்கு எட்டு மதிப்பெண். வாசலில் பூட்டு விழுந்த பிறகு போனால் நான்குகூடத் தர முடியாது. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சேவையைப் பற்றி, வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான். சேவை இலவசம். ஆனால் நீங்கள் மனு கொடுத்துவிட்டீர்கள் என்பதற்காக சட்டத்தில் உள்ள கெடு நிற்காது.

தவணை நின்று 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி (நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) 13(2) பிரிவு நோட்டீஸ் வரும். முழு பாக்கியையும் 60 நாளில் கட்டு என்று அதில் இருக்கும். இதைப் பார்த்ததும் நாளைக்கே வெளியே தள்ளிவிடுவார்கள் என்று பலர் நடுங்கிப்போகிறார்கள். உறையைப் பிரிக்காமலே பீரோ மேல் வைத்துவிடுபவர்களும் உண்டு. அந்த 60 நாளும் உங்களுடையவை. சட்ட உதவி மையம் உங்களுக்கு அதிகம் பயன்படுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

யாருக்குக் கிடைக்கும்? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு மாநில அரசு நிர்ணயித்த வரம்பு உண்டு. வருமானத்துக்கு உறுதிமொழிப் பத்திரமே போதுமானதாக ஏற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வீட்டுக் கடனில் பெரும்பாலும் மனைவியும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார், அல்லது பத்திரமே அவர் பெயரில் இருக்கும். கணவருக்குத் தகுதி இல்லை என்று திரும்பி வர வேண்டியதில்லை; மனைவி பெயரில் மனு கொடுங்கள்.

போகும்போது நோட்டீஸை உறையோடு எடுத்துப் போங்கள். நாள் எண்ணும்போது தபால் முத்திரைத் தேதியும் உதவும். கடன் அனுமதிக் கடிதம், ஒப்பந்தம், கடன் கணக்கு அறிக்கை, கட்டிய ரசீதுகள், பத்திர நகல், வில்லங்கச் சான்று, ஆதார். இதற்கு மேல் முதல் நாளில் எதுவும் தேவைப்படாது.

மையத்தில் முதலில் கேட்க வேண்டியது 13(3ஏ) ஆட்சேபக் கடிதம். நோட்டீஸில் உள்ள தொகையை உங்கள் ரசீதுகளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். கட்டிய தவணை வரவு வைக்கப்படாதது, அபராதக் கட்டணத்துக்கும் வட்டி ஏறியது, சர்வே எண் அல்லது நான்கெல்லை தவறாக எழுதப்பட்டது: இவையெல்லாம் கடிதத்தில் வர வேண்டும். கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும். அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் வழக்குப் போட முடியாது. ஆனால் பின்னால் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது இந்தக் கடிதம்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம்.

60 நாள் முடிந்தபின் சுவாதீன நோட்டீஸ், அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுக்கிறது என்ற அறிவிப்பு, கதவில் ஒட்டப்படும், இரண்டு நாளிதழ்களிலும் வரும். பெயர், கடன் தொகை, வீட்டின் எல்லைகள், இந்தச் சொத்தில் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கை எல்லாம் தெருவே படிக்கும்படி இருக்கும். குடும்பங்கள் நொறுங்குவது இந்த நாளில்தான். ஒட்டியது பெயரளவு சுவாதீனம் (காகிதத்தில் மட்டும் எடுப்பது) என்றால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆளை வெளியேற்ற, வங்கி பொதுவாக மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ 14-ஆவது பிரிவில் உத்தரவு வாங்கி வரும். ஆனால் இதை எதிர்க்க, சுவாதீன நோட்டீஸிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் (டி.ஆர்.டி.) 17-ஆவது பிரிவு மனு போட வேண்டும். உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 34-ஆவது பிரிவு அந்த வழியை அடைத்திருக்கிறது.

சேவையின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயங்கள் இருப்பது சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய இடங்களில்தான். உங்கள் மாவட்டத்தில் ஒதுக்கப்படும் பேனல் வக்கீல் (ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ளவர்) குடும்ப வழக்கும் கிரிமினல் வழக்கும் நன்றாக நடத்துபவராக இருக்கலாம். சர்ஃபேசியில் பழக்கம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒதுக்கும்போதே, டி.ஆர்.டி.யில் ஆஜராகிறவர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. மனுக் கட்டணத்தையும் சட்ட உதவியில் சேர்க்கச் சொல்லுங்கள். 20 லட்சம் பாக்கிக்கு அதுவே 7,500 ரூபாய் ஆகும்.

மனு போட்டாலே ஏலம் நிற்காது. தடை கேட்டுத் தனி மனு வேண்டும். பெரும்பாலும் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித்தான் தடை தருவார்கள். கையில் உள்ள கொஞ்சப் பணத்தை அதற்கு வையுங்கள். ஏலத்தை நிறுத்தித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகருக்கோ, ஒரு தவணையை அடைக்க வாங்கும் கந்துவட்டிக்கோ அது போகக் கூடாது. வீட்டை விற்றுத்தான் தீர வேண்டும் என்றால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு நீங்களே ஆள் பார்த்து விற்பது பொதுவாக ஏலத்தைவிட நல்ல விலை தரும். சம்மதமில்லாமல் விற்பதை அதே சட்டத்தின் 13(13) பிரிவு தடுக்கிறது. முழு பாக்கியைக் கட்டி மீட்கும் உரிமையும், 2016 திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும்வரை மட்டுமே.

மனசுக்கான உதவி இந்த மையத்தில் இல்லை. அதை வேறு இடத்தில் தேட வேண்டும். டெலி மானஸ் எண் 14416 கட்டணமில்லாதது, இரவு பகலாகத் தமிழில் பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த இரவே கூப்பிடுங்கள். வீட்டில் யாருக்காவது அப்படித் தோன்றுவது தெரிந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். நோட்டீஸை மனைவியிடமோ கணவரிடமோ மறைக்காதீர்கள். கதவில் ஒட்டும் நாளில் எப்படியும் தெரியும், அப்போது அடி இரண்டு மடங்கு. ஃபைலை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், வங்கியின் போனை ஒருவர் மட்டும் எடுக்கட்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் நேரத்தைக் குறித்துவைத்து முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கடைசியாக மக்கள் நீதிமன்றம். வழக்கு இல்லாத நிலையிலும் அங்கே மனு எடுப்பார்கள். வங்கி வட்டியில் இறங்கிவரும் வாய்ப்பு உண்டு. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு, ஒத்துக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துக்கு முன் மூன்றை எழுத்தில் பாருங்கள்: கட்ட வேண்டிய தேதிகள், ஒரு தவணை தவறினால் பழைய பாக்கி முழுதும் திரும்புமா என்பது, பணம் முடிந்ததும் மூலப் பத்திரம் தரும் கெடு. 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்ப வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவு. சட்ட உதவி மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 15100 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.