டைம்ஷேர் புள்ளியும் அலாஸ்கா கப்பலும்: எதை எங்கே செலவழிப்பது?

"பனிமலை பார்க்க வேண்டும், ஆனால் ஏறச் சொல்லக் கூடாது." மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த அத்தை, அதாவது என் மாமியார், போட்ட ஒரே நிபந்தனை இது. கலிபோர்னியாவில் இருக்கும் எங்களுக்குத் தோன்றிய விடை, சியாட்டிலில் கிளம்பி ஏழு இரவுகள் கழித்து அங்கேயே திரும்பும் அலாஸ்கா கப்பல். மாமா, அத்தை, நாங்கள் இருவர், பதினொரு வயது மகள், ஏழு வயது மகன் என ஆறு பேர். கையில் ஒரு டைம்ஷேர் கிளப்பின், அதாவது விடுமுறை வீடுகளில் ஆண்டுதோறும் தங்கும் உரிமையைப் புள்ளிகளாக விற்கும் கிளப்பின், 12,000 புள்ளிகள் இருந்தன. பத்து ஆண்டுக்கு முன் இலவசக் காலை உணவுக்கு ஆசைப்பட்டுப் போய் உட்கார்ந்த கூட்டத்தில் எங்கள் தலையில் கட்டப்பட்டவை அவை. "இந்தப் புள்ளிகளில் கப்பல்கூட ஏறலாம்" என்று அன்று விற்றவர் சொன்னது கணவருக்கு நினைவிருந்தது. ஏறலாம்தான். என்ன விலைக்கு என்பதை அவர் சொல்லவில்லை.

புள்ளிக்கு விலை உண்டு

டைம்ஷேர் புள்ளியை இலவசம் என்று நினைக்கும்போதே கணக்கு தடம் புரண்டுவிடுகிறது. வாங்கும்போது கொட்டிய பணத்தை மறந்துவிடலாம். அது திரும்பி வராது. ஆனால் விடுமுறைக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். எங்களுக்கு அது 1,440 டாலர். 12,000ஆல் வகுத்தால் புள்ளிக்கு 12 சென்ட். ஒரு புள்ளியைக் கொடுத்து அதற்குக் குறைவான பயன் பெற்றால், அந்த ஆண்டு கட்டியதுகூடக் கைக்கு வரவில்லை என்று பொருள்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. புள்ளிகளைக் கிளப்பிடமே கொடுத்துக் கப்பல் டிக்கெட்டில் தள்ளுபடி வாங்குவது முதல் வழி. புள்ளிகளை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தைக் கப்பலுக்குக் கட்டுவது இரண்டாவது. கப்பலை முழுக்கப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, கப்பல் ஏறுமுன் சியாட்டிலில் தங்குவதற்குப் புள்ளிகளைப் பயன்படுத்துவது மூன்றாவது.

முதல் வழி பார்வைக்கு அழகாக இருந்தது. 12,000 புள்ளிகளையும் கொடுத்தால் 900 டாலர் தள்ளுபடி என்றது கிளப்பின் இணையப் பக்கம். அதாவது புள்ளிக்கு ஏழரை சென்ட். இதுவே 12க்குக் கீழே. ஓர் இரவு மகள் தூங்கியபின் சாப்பாட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் கிளப்பின் பக்கம், மற்றொன்றில் கப்பல் நிறுவனத்தின் சொந்தப் பக்கம். அதே கப்பல், அதே தேதி, அதே தளம், அதே வகை அறைகள். கிளப் 'சந்தை விலை' என்று கோடு போட்டு அடித்துக் காட்டிய தொகை, கப்பல் நிறுவனம் அன்றைக்கு யாருக்கும் விற்றுக்கொண்டிருந்த விலையைவிட 340 டாலர் கூடுதல். ஆக, உண்மையான தள்ளுபடி 560தான். புள்ளிக்கு ஐந்து சென்ட்கூட இல்லை. கணவர் கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

பணம் மட்டும் அல்ல. கிளப் வழியாக வாங்கிவிட்டால் நாம் கிளப்பின் முகவருடைய வாடிக்கையாளர். அறையை மாற்றவோ, விலை இறங்கினால் குறைக்கக் கேட்கவோ கப்பல் நிறுவனத்தை நேரடியாக அழைத்தால், "உங்கள் முகவரிடம் பேசுங்கள்" என்பதே பதில். பயணத்தை ரத்துசெய்தால் பணம் ஒரு விதிப்படியும் புள்ளி வேறொரு விதிப்படியும் திரும்பும். திரும்பி வந்த புள்ளிக்கு ஆயுள் முடிந்திருந்தால் அது வந்தும் வராததுபோலத்தான்.

இரண்டாவது வழியை ஓரிரு வரியில் முடித்துவிடலாம். தெரிந்த ஒருவர் புள்ளிக்கு ஒன்பது சென்ட் தரத் தயாராக இருந்தார், 1,080 டாலர். கப்பல் தள்ளுபடியைவிட நல்லது, கட்டணத்தைவிடக் குறைவு. சில கிளப்புகள் வாடகைக்கு விடுவதை வணிகமாகப் பார்த்துத் தடை போடுகின்றன என்பதால் விதிகளைப் படிக்காமல் இதில் இறங்கக் கூடாது. வரும் பணத்துக்கு வரிக்கணக்கும் உண்டு.

மூன்றாவதில் சியாட்டில் நகர நடுவில் இரண்டு படுக்கையறையும் சமையலறையும் கொண்ட வீடு, மூன்று இரவுக்கு 6,000 புள்ளிகள். ஜூலை மாதம் சியாட்டிலில் ஆறு பேருக்கு இரண்டு ஓட்டல் அறைகள் வேண்டும். நாங்கள் பார்த்த விலை வரியோடு அறைக்கு 260 டாலர். மூன்று இரவுக்கு 1,560. புள்ளிக்கு 26 சென்ட் ஆகிறது. "பணம் கொடுத்திருந்தால் ஒரே இரவுதானே தங்கியிருப்போம்?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிப் பார்த்தால் மிச்சம் 520 டாலர்தான், புள்ளிக்கு ஒன்பது சென்டைத் தொடவில்லை. ஆனால் அந்த ஓர் இரவு கட்டாயம். கப்பல் கிளம்பும் நாளன்று காலை விமானத்தில் போய் இறங்குகிறவர்களின் துணிச்சல் எனக்கு இல்லை. மற்ற இரண்டு இரவுகளுக்கு நான் வைத்த விலை சமையலறையில் இருந்தது. பைக் பிளேஸ் சந்தையில் வாங்கிய கத்திரிக்காயை அத்தை அன்றிரவு எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தார். அடுத்த ஏழு நாள் ரொட்டியும் பாஸ்தாவும்தான் என்று தெரிந்தவர்கள்போல எல்லோரும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டோம்.

மீதி 6,000 புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தோம். இதற்கும் கெடு உண்டு. எங்கள் கிளப்பில் ஆண்டு முடியும்வரை காத்திருக்க முடியாது. அதைத் தவறவிட்ட ஓர் ஆண்டின் வயிற்றெரிச்சலை இங்கே எழுதப்போவதில்லை.

டிக்கெட்டுக்கு முன் விசா

சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் அலாஸ்கா கப்பல்கள் கனடாவின் விக்டோரியா போன்ற துறைமுகம் ஒன்றில் நிற்பது ஊர் அழகுக்காக மட்டுமல்ல. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்குவதைத் தடுக்கிறது. பெரிய சொகுசுக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். விளைவு, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மாமாவுக்கும் அத்தைக்கும் அமெரிக்க விசாவுக்கு மேல் கனடா விசாவும் தேவைப்பட்டது. கிரீன் கார்டு உள்ள எங்களுக்கு அது வேண்டாம். குழந்தைகள் அமெரிக்கக் குடிமக்கள். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கப்பல் பார்ப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். நாங்கள் அவர்கள் ஊரிலிருந்து கிளம்புமுன் சென்னையிலேயே விண்ணப்பித்தோம். கப்பலுக்கு முழுப் பணமும் கட்டவேண்டிய நாள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு முன்பே வந்துவிடும். அதற்குள் விசா கையில் இல்லையென்றால் தூக்கம் வராது.

கரையில் யாரை நம்பி இறங்குவது?

ஒவ்வொரு துறைமுகத்திலும் மூன்று வகையாகச் சுற்றலாம்: கப்பல் விற்கும் சுற்றுலா, உள்ளூர் நிறுவனத்திடம் நாமே பதிவுசெய்வது, ஒன்றும் வாங்காமல் காலாற நடப்பது. கப்பல் விற்பது விலை கூடுதல். அந்தக் கூடுதல் ஒரு காப்பீடு: அந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது நம்மை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. விட்ட கப்பலைப் பிடிக்க விமானமோ படகோதான். ஆகவே இந்தக் காப்பீடு எந்த ஊரில் தேவை, எந்த ஊரில் வீண் என்பதைத்தான் நான் பார்த்தேன். அதற்குக் கப்பல் நிற்கும் நேரம் தெரிந்தால் போதும்.

ஜூனோவில் எங்கள் கப்பல் பகல் ஒரு மணி முதல் இரவு பத்து வரை நின்றது. திமிங்கிலம் பார்ப்பதும் மெண்டன்ஹால் பனியாறும் சேர்ந்த சுற்றுலாவுக்குக் கப்பல் தலைக்கு 219 டாலர் கேட்டது; உள்ளூர் நிறுவனம் 165. ஆறு பேருக்கு வித்தியாசம் 324 டாலர். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும், மூன்று மணி நேரம் கையில் இருக்கும் என்னும்போது காப்பீட்டுக்கு 324 கொடுக்க மனம் வரவில்லை. உள்ளூர்ப் படகு சிறியது. ஆளுக்கொரு சன்னல், உள்ளே வெப்பமூட்டிய அறை, அத்தை முதலில் விசாரித்த கழிப்பறை எல்லாம் இருந்தன. குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் கழித்துவிட்டு உணவுக்காகக் கோடையில் இங்கே வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அவை. முதலில் தெரிந்தது மூச்சுதான். தூரத்தில் யாரோ வெந்நீர் அண்டாவைத் திறந்ததுபோல வெள்ளையாக ஓர் ஆவி. பிறகு முதுகு, கடைசியில் வால். மகன் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

பனியாற்றுக்கு நகரப் பேருந்திலும் போகலாம், இரண்டே டாலர்தான் என்று சொல்வார்கள். உண்மை. ஆனால் அது இறக்கிவிடும் இடத்திலிருந்து ஒன்றரை மைல் நடக்க வேண்டும். இளவட்டங்களுக்குச் சரி, முழங்கால் வலிக்காரர்களுக்கு அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆசை வடிந்துவிடும். பனியாற்றின் பார்வையாளர் மையம்வரை ஆட்களை ஏற்றிச்செல்ல வனத்துறை அனுமதி பெற்ற வண்டிகள் வேண்டும், அந்த அனுமதிக்கும் அளவு உண்டு. அதனால் கரையில் இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. மையத்திலிருந்து நக்கெட் அருவிக்குப் போகும் பாதை சமதளம். குரங்குத் தொப்பியும் சேலைக்கு மேல் என் கணவரின் மழைக்கோட்டுமாக அத்தை அருவியின் அடிவரை நடந்தார். 377 அடி உயர அருவியின் பக்கத்தில் நீலம் பாய்ந்து கிடந்த பனியைப் பார்த்து, "ஏறவே இல்லையே" என்றார்.

ஸ்காக்வேயில் கணக்கு மாறியது. அங்கே எல்லோரும் பார்ப்பது 1898இல் தங்க வேட்டைக் காலத்தில் தொடங்கி 1900இல் முடித்த ஒயிட் பாஸ் ரயில்பாதை. இதை ரயில் நிறுவனமும் விற்கிறது, கப்பலும் விற்கிறது. ஏறுவது அதே ரயில், பார்ப்பது அதே மலை. கப்பலில் வாங்கினால் துறைமுகத்தின் அருகிலேயே ஏறிக்கொள்ளலாம். விலை வித்தியாசமும் சிறியது. அன்று தூறல் விடவில்லை. இங்கே கப்பலுக்கே பணம் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. கனடாவின் ஃபிரேசர்வரை போகும் நீண்ட பயணத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டும். உச்சிவரை போய் இறங்காமல் திரும்பும் பயணத்துக்கு வேண்டாம். ஒரே குடும்பத்தில் இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எல்லைச் சாவடியில் நிற்பதைவிட உச்சியோடு திரும்புவது உத்தமம் என்று அதையே எடுத்தோம்.

இருபது மைலில் 2,865 அடி ஏறுகிறது அந்த ரயில். வழிகாட்டி ஒலிபெருக்கியில் இதைப் பெருமையாகச் சொன்னபோது மாமா என் பக்கம் சாய்ந்து, "சரிவு எவ்வளவு?" என்றார். மிகச் செங்குத்தான இடத்திலும் நூற்றுக்கு நான்குக்குச் சற்றுக் குறைவு என்றேன். "நம் ஊட்டி ரயில் பன்னிரண்டுக்கு ஒன்று. பல்சக்கரம் வைத்து ஏறும்" என்று சொல்லிவிட்டு, திருப்தியாகச் சன்னல் பக்கம் திரும்பினார். அதற்குப்பிறகு பள்ளத்தாக்கை அவர் மிகவும் ரசித்தார்.

கெச்சிக்கனில் காலை ஏழு முதல் பகல் ஒன்று வரைதான். நேரம் இவ்வளவு குறைவாக இருக்கும் ஊரில் உள்ளூர் நிறுவனத்தை நம்பி வெகுதூரம் போகமாட்டேன். கப்பல் விற்கும் கடல்விமானச் சுற்றுலா ஆறு பேருக்குக் கையைக் கடிக்கும். ஆண்டுக்கு 150 அங்குலம் அளவில் மழை கொட்டும் ஊர் அது. மேகம் இறங்கினால் விமானம் பறக்காது, பணம் திரும்பும், காலைப்பொழுது திரும்பாது. நாங்கள் எதுவும் வாங்கவில்லை. ஓடையின் மேல் மரக்கால்கள் நட்டுக் கட்டிய கிரீக் தெருவரை குடை பிடித்துக்கொண்டு நடந்தோம். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் சால்மன்களைக் குழந்தைகள் முக்கால் மணி நேரம் எண்ணினார்கள். ஒரு முக்கிய எச்சரிக்கை: சில கப்பல்கள் ஊருக்கு வடக்கே ஏழு மைல் தள்ளி வார்டு கோவ் என்ற இடத்தில் நிற்கின்றன. அந்தக் கப்பலில் போகிறவர்களுக்கு என் நடைத்திட்டம் பொருந்தாது. ஊருக்குள் வந்துபோகும் பேருந்து நேரத்தையும் கழிக்க வேண்டும்.

டாஸ் பனியாறு இருக்கும் எண்டிகாட் நீரிடுக்குக்குள் கப்பலே நுழைந்த நாளில், இன்னும் நெருங்கிப் பார்க்கச் சிறு படகில் ஏற்றிச்செல்லத் தனிக் கட்டணம் கேட்டார்கள். மேல்தளத்தில் போர்வையோடு நின்றே வேண்டிய அளவு பார்த்தோம்.

கடைசியாக விக்டோரியா, இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை. புச்சார்ட் தோட்டத்துக்குக் கப்பல் விற்ற சுற்றுலாவை மகள் கேட்டாள். தம்பி அதற்குள் தூங்கிவிழுந்துகொண்டிருந்தான். தோட்டம் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், போய்வரும் நேரமே பாதியைத் தின்றுவிடும். வாங்கவில்லை. டாக்சியில் உள்துறைமுகம் போய், விளக்கு வரிசையால் கோடு போட்டதுபோல நின்ற சட்டமன்றக் கட்டடத்தைப் பார்த்தோம்.

திரும்பும்போது மணி என்ன என்று நான் கைப்பேசியை எடுக்க, மாமா மணிக்கட்டை நீட்டினார். அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி பின்னால். பயணம் முழுக்கக் கடிகாரத்தைத் திருத்த மறுத்ததால் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு மணி நேரம் முன்பாகவே எங்களைக் கப்பலுக்கு விரட்டியவர் அவர். விக்டோரியாவில் கடிகாரம் மீண்டும் சியாட்டில் நேரம். முந்தைய இரவு எல்லோரும் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்படி கப்பலில் அறிவித்திருந்தார்கள். மாமா மட்டும் எதையும் தொடவில்லை. "பதினொன்று பத்து. சரியாக இருக்கிறதா, பார்" என்றார். சரியாகத்தான் இருந்தது.