குடல் புற்றுநோயின் காரணத்தைத் தேட இரு வழிகள்

கோலாலம்பூரில் குடல் புற்றுநோய் கண்டவர்களையும் அந்நோய் இல்லாதவர்களையும் தேர்ந்து, அவர்களின் கடந்தகால உணவு, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கேட்டறியும் பின்னோக்கிய ஆய்வு விரைவில் முடியும், செலவும் குறைவு. ஆனால் நோயுற்றவர் தம் பழைய பழக்கங்களை மற்றவரைவிடத் துருவித் துருவி நினைவுகூர்வதால் முடிவு ஒருபக்கம் சாயக்கூடும். (பத்தாண்டுக்கு முன் வாரத்திற்கு எத்தனை ரொட்டி சானாய் சாப்பிட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?)

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் 2012 வரை, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 100,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்துத் தொடங்கிய ‘மலேசியன் கோஹார்ட்’ போன்ற முன்னோக்கிய ஆய்வோ, நோய் வருமுன்பே இரத்த மாதிரியையும் பழக்கங்களையும் பதிந்துவைத்து, யாருக்கு நோய் வருகிறது என்று பார்க்கப் பல்லாண்டு காத்திருக்கிறது. அரிய நோய்களுக்கு முதல் வழியே பொருந்தும். ஆனால் இரைப்பைப் புற்றுநோயைத் தூண்டும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இந்தியரிடம் மிகுந்திருந்தும் அப்புற்றுநோய் சீனரிடமே அதிகம் காணப்படும் மலேசியப் புதிருக்கு, இரண்டாவதையே நான் நம்புவேன்.