ஒட்டிய வீடுகளுக்கு நடுவே சேவல்: வைப்பதா, அனுப்புவதா?

மொட்டை மாடியிலோ கொல்லையிலோ நாலு நாட்டுக்கோழி வளர்ப்பது மதுரை, கோவை, திருச்சி என்று எல்லா ஊரிலும் சாதாரணமாகிவிட்டது. குஞ்சாக வாங்கும்போது எது சேவல், எது பெட்டை என்று பலருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. மூன்றாவது மாதவாக்கில் ஒன்றுக்கு மட்டும் கொண்டை சிவந்து எழும்பும். நாலைந்து மாதத்தில் தொண்டை கட்டிய பையன் மாதிரி அரைகுறையாக ஒரு சத்தம் போட்டுப் பார்க்கும். அடுத்த மாதம் தெருக்கோடி வரை கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வாசலில் நிறுத்திப் பேசுவார். அப்போதுதான் வீட்டில் பேச்சு எழும்: இந்தச் சேவலை வைத்துக்கொள்வதா, வேண்டாமா?

நம் ஊரில் இதற்கு நாலு வழி உண்டு. அப்படியே வைத்திருக்கலாம். இரவில் மட்டும் இருட்டுப் பெட்டியில் அடைக்கலாம். ஆன்லைனில் விற்கிற கழுத்துப்பட்டையை மாட்டலாம். அல்லது சேவலை அனுப்பிவிட்டுப் பெட்டைகளை மட்டும் வளர்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரை கிரவுண்ட் மனைகளாக, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றடி சந்து மட்டும் இருக்கிற தெருவில் சேவல் வேண்டாம். விட மனசில்லை என்றால் பெட்டி ஒன்றுதான் வழி. பட்டையை யாரும் தொடவே கூடாது.

எப்போது கூவுகிறது, எவ்வளவு சத்தம்

விடிந்தால் சேவல் கூவும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சேவல்களை நாள் முழுக்க மங்கலான வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். வெளியே இரவா பகலா என்று தெரிய வழியே இல்லாதபோதும் அவை ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை அதே ஒழுங்கில் கூவின. உடம்புக்குள் ஓடும் கடிகாரம்தான் கூவ வைக்கிறது. வெளிச்சம் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அது எழுப்பிவிடுகிறது. அதற்கு மேல் தெருவில் திரும்பும் வண்டியின் விளக்கு, அடுத்த தெருச் சேவலின் குரல் எல்லாம் சேர்ந்து தூண்டிவிடும்.

அதே குழு 2015-இல் இன்னொன்றையும் கண்டது. பல சேவல்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் பெரிய ஆள்தான் முதலில் கூவும். மற்றவை அந்தஸ்து வரிசைப்படி பின்னால் கூவும். பெரியதை எடுத்துவிட்டால் அடுத்தது முதலிடத்துக்கு வந்து கூவத் தொடங்கும். ரெண்டு மூன்று சேவல் வைத்திருப்பவர்கள் சத்தமாகக் கூவுகிற ஒன்றை மட்டும் விற்றுவிட்டு அமைதி கிடைக்கும் என்று நினைத்தால் நடக்காது.

சத்தத்தின் அளவும் கொஞ்சநஞ்சமல்ல. கூவும் சேவலின் காதருகே வைத்து அளந்தால் 100 டெசிபலைத் தாண்டும். தன் சத்தத்தில் தானே செவிடாகாமல் இருக்க, வாயைப் பிளக்கும்போது அதன் காதுத் துளை தானாக மூடிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த ஏற்பாடு இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 90 என்று வைத்துக்கொண்டால் எட்டு மீட்டரில் 72. எட்டு மீட்டர் என்பது நம் தெருக்களில் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல். சித்திரை வைகாசியில் அந்த ஜன்னல் திறந்துதான் இருக்கும்.

எங்கள் சந்தில் இருக்கும் ஒரு கண்டக்டர் அண்ணன் சொன்னது எனக்கு இன்றும் நியாயமாகப் படுகிறது. “தம்பி, பகல் பூரா கூவட்டும், கேக்கவே நல்லாத்தான் இருக்கு. மூணரை மணிக்கு மட்டும் ஏதாச்சும் பண்ணுங்க. நான் டெப்போவுல இருந்து வந்து படுக்கிறதே ரெண்டு மணிக்கு.” குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் சேவலுக்கு எதிரிகள் இல்லை. அவர்கள் கேட்பது அந்த ரெண்டரை மணி நேரத் தூக்கத்தை மட்டும்தான்.

அப்படியே வைத்திருந்தால்

சேவல் வெறும் சத்தம் போடும் பிராணி இல்லை. கூட்டத்துக்குக் காவல் அது. வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு விதமாகவும், தரையில் பூனையோ கீரியோ வந்தால் வேறு விதமாகவும் குரல் கொடுக்கும். பெட்டைகள் அதற்கேற்பப் பதுங்கும் அல்லது ஓடும். எருக்குழியைக் கிளறும்போது ஒரு புழு கிடைத்தால் தான் தின்னாது. அலகால் எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்து, கொக்கொக்கென்று அழைக்கும். பெட்டை ஓடி வந்து கொத்தும் வரை பக்கத்தில் நிற்கும். இதைத் தினமும் பார்க்கிறவர்களுக்குச் சேவலை அனுப்பு என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் வலை போட்ட மாடிக்கூண்டில் பருந்துக்கும் கீரிக்கும் வேலை இல்லை. காவல்காரன் இருக்கிறான், காவல் காக்க ஒன்றுமில்லை. சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சட்டமும் இந்த இடத்தில் சேவலுக்குச் சாதகமாக இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. சேவல் மும்முரமாகக் கூவும் நேரம் முழுக்க அந்த இரவுக்குள் விழுகிறது. கேரளாவின் அடூரில் 2025 பிப்ரவரியில் இப்படி ஒரு புகார் கோட்ட வருவாய் அலுவலர் வரை போனது. விடியற்காலை மூன்று மணிக்கே கூவுகிறது, தூங்க முடியவில்லை என்று உடம்பு சரியில்லாத பெரியவர் ஒருவர் கொடுத்த புகார். அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தார்கள். மாடியில் இருக்கும் கோழிக்கூண்டை 14 நாளுக்குள் அந்த மனையின் தெற்குப் பக்கத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. சேவலை ஒழி என்று சொல்லவில்லை, மாடியிலிருந்து இறக்கு என்றுதான் சொன்னார்கள். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. மாடியில் கூண்டு இருந்தால் சத்தத்துக்கு நடுவே சுவர் இல்லை, மரம் இல்லை. நேராக அடுத்த வீட்டு மாடியறைக்குள் போகும். அதே கூண்டு தரையில், இரண்டு சுவருக்குப் பின்னால் இருந்தால் பாதித் தகராறு குறையும்.

சேவல் பக்கம் பேசுகிறவர்கள் பிரான்ஸைச் சொல்வார்கள். ஒலெரான் தீவில் மொரிஸ் என்ற சேவல் மேல் விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்கள் போட்ட வழக்கில், 2019 செப்டம்பரில் சேவலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கிராமத்துச் சத்தங்களையும் வாசனைகளையும் காப்பாற்ற 2021 ஜனவரியில் அங்கே சட்டமே போட்டார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது நாட்டுப்புறத்துக்கானது. நம்மிடமும் தோட்டத்து வீடாக இருந்தால், அடுத்த வீடு ஒரு வயல் தள்ளி இருந்தால், தெருவில் வீட்டுக்கு வீடு சேவல் இருந்தால், இந்தக் கட்டுரையே தேவையில்லை. தாராளமாக வளர்க்கலாம்.

இருட்டுப் பெட்டி

சேவல் எப்படிக் கூவுகிறது என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் இறக்கையைப் படபடவென்று அடிக்கும். காலை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தும். கழுத்தை முழுசாக மேலே நீட்டி, கண்ணைச் சுருக்கி, அப்புறம்தான் குரலை விடும். கழுத்தை நீட்ட இடம் கொடுக்காவிட்டால் முழுக்குரல் வராது. பெட்டி இதை நம்பித்தான் வேலை செய்கிறது. உட்காரவும், நிற்கவும், திரும்பவும் இடம் இருக்க வேண்டும். நிமிர்ந்து நீட்ட மட்டும் கூரை இடிக்க வேண்டும். கனமான பலகையில் செய்து, உள்ளே வெளிச்சம் புகாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு எதிர்ப்பக்கச் சுவர் ஓரம் வைத்தால் சத்தம் நன்றாக அமுங்கும்.

வாயை முழுசாக அடைத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உடம்புக் கடிகாரம் இருட்டிலும் ஓடும் என்பதால் அதே நேரத்துக்கு உள்ளிருந்து ஒரு முனகல் வரத்தான் செய்யும். ஆனால் வண்டி வெளிச்சம் விழாது, அடுத்த தெருச் சேவலின் குரல் தெளிவாகக் கேட்காது. அதனால் தொடர்ந்து கூவுவது குறையும். ஜன்னலைத் துளைக்கிற சத்தம் சந்தைத் தாண்டாத சத்தமாக மாறும். மரநாய்க்கும் பாம்புக்கும்கூட இது நல்ல பாதுகாப்பு.

நம் ஊரில் இதன் ஆபத்து வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மே மாத இரவில் காற்றில்லாத பெட்டியில் அடைத்தால் காலையில் செத்துக் கிடக்கும். அடியில் ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை என்று துளை போட்டு, வெளிச்சம் நேராக விழாமல் துளைக்கு முன்னால் ஒரு பலகையைத் தள்ளி அடிக்க வேண்டும். எச்சத்தைத் தினமும் அள்ள வேண்டும், இல்லாவிட்டால் அமோனியா நெடி மூச்சை அடைக்கும். சண்டைக்கென்று வளர்க்கிற உயரமான கட்டுச்சேவலுக்கு இந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். அது இரவெல்லாம் குனிந்தே நிற்க வேண்டியிருக்கும். சிறுவிடை என்கிற நாட்டுரகம் மாதிரி சின்ன உடம்புக்காரனுக்குச் சரியாக வரும்.

இன்னொன்று: பொழுது சாய்ந்ததும் அடைத்து, காலை ஏழு மணிக்குத் திறக்க வீட்டில் ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும். கல்யாணம் காட்சி என்று ரெண்டு நாள் வெளியூர் போனால் யார் திறப்பது? இதற்குப் பதில் இல்லாத வீட்டில் பெட்டி நிலைக்காது.

கழுத்துப்பட்டை

ஒட்டும் பட்டையைக் கழுத்தில் இறுக்கி, கூவ வேண்டிய காற்று வேகமாக வெளியேறாமல் தடுப்பது இது. விலை குறைவு, மாட்டுவது சுலபம், அதனால் விற்கிறது. கொஞ்சம் தளர்ந்தால் பயனில்லை. கொஞ்சம் இறுகினால் தீனி இறங்காது, மூச்சுத் திணறும். பட்டையைக் கொத்திக் கொத்தி அலகு மாட்டிக்கொள்ளும், கம்பியில் சிக்கும். மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிற ஒரு பறவையின் கழுத்தை, 38 டிகிரி வெயில் அடிக்கிற ஊரில் இறுக்குவதை எந்த விதத்திலும் ஏற்க முடியவில்லை. குரல் போக அறுவை சிகிச்சை என்று சிலர் கேட்பதும் இதே வகைதான். இதைவிடச் சேவலை நல்ல இடத்துக்கு அனுப்பிவிடுவது மேல்.

பெட்டை மட்டும் போதுமா?

முட்டைக்காகத்தான் வளர்க்கிறீர்கள் என்றால், போதும். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். நாமக்கல்லில் லட்சக்கணக்கில் முட்டை வருகிற பண்ணைகளில் சேவலே கிடையாது. “சேவல் சேராத முட்டையில் சத்து இல்லை” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சத்தில் அப்படி வித்தியாசம் எதுவும் கிடையாது. கோடைக்காலத்தில் சேவல் சேராத முட்டைக்கு ஒரு வசதிகூட உண்டு. சேவல் சேர்ந்த முட்டையை அனலடிக்கிற அடுப்படியில் நாலு நாள் வைத்தால் உள்ளே கரு வளரத் தொடங்கி, அப்படியே செத்து, முட்டை சீக்கிரம் கெடும். சேராத முட்டையில் அந்தப் பிரச்சினை இல்லை.

குஞ்சு வேண்டும் என்றால்தான் சேவல் தேவை. அதற்கும் வருஷம் முழுக்க வேண்டியதில்லை. சேவல் சேர்ந்த ரெண்டு மூன்று நாளிலிருந்து கருக்கூடிய முட்டை வரத் தொடங்கும். சேவலை அனுப்பிய பிறகும் பத்து நாள் போல அப்படியே வரும், ஏனென்றால் பெட்டையின் உடம்பு விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடை படுக்கும். ஆக, ஈடு தொடங்கும்போது சொந்தக்காரரிடமிருந்து ஒரு வாரம் சேவலை இரவல் வாங்கினால் அந்த ஈட்டுக்குப் போதும். அந்த ஒரு வாரத்தை அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வருகிற சேவலுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நோய் வந்தால் கூண்டே காலியாகும். அரசுக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுவார்கள்.

இதைவிடச் சுலபமான வழி, அடைக்கோழி படுத்ததும் சேவல் உள்ள வீட்டிலிருந்து அடைமுட்டை வாங்கி அதன் அடியில் வைப்பது. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகப் பார்த்து வாங்கினால் நல்லது. 21-ஆம் நாள் பொரிக்கும். ஒரு சேவல்கூட உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வந்திருக்காது.

பொரித்ததில் பாதிக்குப் பாதி சேவலாக இருக்கும் என்பதை மட்டும் அடை வைப்பதற்கு முன்பே யோசித்து வைக்க வேண்டும். கொண்டை சிவக்கிற மூன்றாம் மாதமே வெடச்சேவல்களுக்கு இடம் பார்த்துவிடுங்கள், கூவத் தொடங்கிய பிறகு அவசரத்தில் வருகிற விலைக்குத் தள்ளாதீர்கள். பொலிக்கு, அதாவது இனவிருத்திக்கு, சேவல் தேடுகிற கிராமத்து வீடுகள் உண்டு. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும் என்பதால் தோட்டக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். முருகன் கோயிலுக்குக் காணிக்கையாக விடுகிறவர்களும் கேட்பார்கள். ஆனால் காணிக்கைச் சேவல் பல கோயில்களில் ஏலத்துக்குப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். கறிக்கு என்றால் அந்த மூன்று நாலு மாத வயசுதான் கறி மென்மையாக இருக்கும் பருவமும். கட்டுச்சேவல் ரகமாக இருந்தால் வாங்க வருகிறவர் எதற்கு வாங்குகிறார் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.