10 லட்சம் டாலர் கவர்னு இருக்கும், பாசஞ்சருக்கு எவ்ளோன்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க

டெக்சாஸ்ல ஒரு சின்ன ஏர்போர்ட்ல 1975 மாடல் செஸ்னா 172ன்னு நாலு சீட் சின்ன பிளேன் வச்சிருக்கேன், வாங்கி மூணு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள ரெண்டு இன்சூரன்ஸ் புரோக்கர் பாத்தாச்சு. தெரிஞ்ச ரெண்டு குடும்பம் இப்போ பிளேன் வாங்கப் போறாங்க, அவங்களுக்காகத்தான் முக்கியமா இத எழுதறேன்.

முதல் புரோக்கர் போன்ல பத்தே நிமிஷம் பேசினார். "10 லட்சம் டாலர் லையபிலிட்டி, எல்லாரும் இதான் எடுக்கறாங்க"ன்னு சொன்னார், நானும் சரின்னு போட்டுட்டேன். லையபிலிட்டின்னா நம்ம பிளேனால அடுத்தவங்களுக்கு அடிபட்டாலோ அவங்க சொத்து சேதமானாலோ கம்பெனி குடுக்கற பணம். சொந்த பிளேன்ல சும்மா பறக்கறவங்களுக்கு ஃபெடரல் சட்டப்படி லையபிலிட்டி கட்டாயமே இல்ல, பிளேன் நிறுத்தற ஹேங்கர் அக்ரிமெண்ட்ல ஏர்போர்ட் கேட்டதால தான் எடுத்தேன், அதனால பாலிசிய முழுசா படிக்கவும் இல்ல.

ஒரு வருஷம் கழிச்சு ரினீவலுக்கு உக்காந்து படிச்சப்போ தான் தெரிஞ்சுது, ஒரு விபத்துக்கு மொத்தம் 10 லட்சம், ஆனா உள்ள உக்காந்திருக்கற பாசஞ்சருக்கு தலைக்கு 1 லட்சம் தான். 172ல என்ன விட்டா மூணு பேர், அப்போ 3 லட்சத்தோட முடிஞ்சுது, மீதி வெளில இருக்கறவங்களுக்கும் அடுத்தவங்க சொத்துக்கும் மட்டும். அதுக்கு முந்தின வாரம் தான் நண்பனோட ரெண்டு பசங்கள ஏத்திட்டுப் போனேன், அவங்க அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கை காட்டிட்டே இருந்தாங்க. அந்த முகம் தான் ஞாபகம் வந்துச்சு, ராத்திரி தூக்கமே வரல. இங்க ஐசியு பில்லுக்கே 1 லட்சம் பத்தாம போயிடும்.

இன்னொண்ணு, 1994ல வந்த ஒரு சட்டப்படி சின்ன பிளேனுக்கு 18 வருஷம் தாண்டிட்டா தயாரிச்ச கம்பெனி மேல பெரும்பாலும் கேஸ் போட முடியாது. பழைய பிளேன்னா வக்கீல் நேரா ஓனர், பைலட், மெக்கானிக் பக்கம் தான் வருவார்.

ரெண்டாவது புரோக்கர் ஒரு அம்மா, அவங்களும் பைலட். முதல்ல லாக்புக் எடுத்து வச்சுக்கச் சொன்னாங்க, மொத்த மணி நேரம் எவ்ளோ, இந்த மாடல்ல எவ்ளோ, வேற யாராவது ஓட்டுவாங்களான்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. அப்பப்போ ஒரு ஃப்ரெண்ட் எடுத்துட்டுப் போவான்னு சொன்னேன். பாலிசில ஓப்பன் பைலட்னு ஒரு வரி இருக்கு, இவ்ளோ மணி நேரம் பறந்தவர் ஓட்டினா எனக்கு கவர் உண்டு. ஆனா அது ஓனர காப்பாத்தத்தான், கம்பெனி எனக்கு பணம் குடுத்துட்டு அவன் மேல திரும்பி கேஸ் போடலாம், அதனால அவன தனியா நான்-ஓனர் பாலிசி, அதாவது அடுத்தவங்க பிளேன ஓட்டறவங்களுக்கான பாலிசி, எடுக்கச் சொல்லுங்கன்னாங்க. இத எனக்கு யாருமே சொன்னதில்ல!

அந்த வருஷம் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் (மேகத்துக்குள்ளயும் கருவிகள மட்டும் பாத்து ஓட்டறதுக்கான தகுதி) முடிச்சிருந்தேன், அத காட்டி ஸ்மூத் லிமிட் வாங்கிக் குடுத்தாங்க, அதாவது பாசஞ்சருக்குன்னு தனி உச்சவரம்பு கிடையாது, முழு 10 லட்சமும் யாருக்கு வேணா போகும். பிரீமியம் ஏறுச்சு தான், ஆனா மனசார கட்டறேன். சில பாலிசில "பாசஞ்சருக்கு"ன்னு இல்லாம "ஒரு ஆளுக்கு"ன்னு இருக்கும், அப்டின்னா கீழ தரைல நிக்கறவருக்கும் அதே 1 லட்சம் தான், அந்த ஒரு வார்த்தைய கண்டிப்பா பாருங்க.

இந்த அம்மாகிட்ட குறைன்னா, மெயிலுக்கு பதில் வர ரெண்டு மூணு நாள் ஆகுது, போன் பண்ணா தான் வேலை நடக்குது.

ஒரே நேரத்துல நாலு புரோக்கர்கிட்ட கேக்காதீங்க. ஒரு பிளேனுக்கு முதல்ல வந்த புரோக்கருக்கு தான் இன்சூரன்ஸ் கம்பெனி கோட் (பிரீமியம் எவ்ளோன்னு விலை) குடுக்கும், அடுத்தவர் போனா கதவ சாத்திடுவாங்க. மாத்தணும்னா இனிமே இவர் தான் என் புரோக்கர்னு லெட்டர்ல கையெழுத்து போட்டுக் குடுக்கணும், நானும் அப்டித்தான் மாறினேன். அவெம்கோங்கற இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும் புரோக்கர் இல்லாம நேரடியா விக்கறாங்க, அவங்ககிட்ட தனியா ஒரு கோட் வாங்கி பக்கத்துல வச்சுப் பாக்கலாம். ரினீவலுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க.