இரவில் கிளம்புவதா, விடிந்த பின்பா?

குளிர்காலத்தில் சிறு குழந்தையுடன் காரில் நெடுந்தூரம் போவதென்றால் பலரும் இரவையே விரும்புகிறார்கள். குழந்தை தூங்கிவிடும், சிணுங்கல் இருக்காது. அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கும் அந்த நேரத்தில்தான் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் படிகிறது. அடியிலும் காற்றுப்படுவதால் பாலங்கள் முதலில் உறைகின்றன. ஓட்டுபவருக்கோ கண் சொருகும்.

பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, குழந்தையை இருக்கையிலிருந்து வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். இருந்தாலும் என் ஓட்டு பகலுக்கே.

எப்போது கிளம்பினாலும், தடித்த கோட்டின் மேல் இருக்கைப் பட்டையை மாட்டாதீர்கள்: மோதலில் கோட்டு அமுங்கி, பட்டை தொளதொளத்துவிடும். பட்டையை இறுக்கிய பின் மேலே போர்வையைப் போர்த்துங்கள்.