கம்ப்ரசர் மாத்திட்டோம்னு சொல்லி 18,500 ரூவா வாங்கிட்டாங்க, கார் ஏசிய வேலைக்கு விடப்போறவங்க படிச்சிட்டு விடுங்க

நேத்து ராத்திரிதான் விஷயம் முழுசா தெரிஞ்சுது, ஆத்திரம் அடங்கல, அடங்குறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன். மதுரைல ஒரு மல்டி பிராண்ட் கார் ஏசி கடை. பேரு போடல, ஆனா இதே மாதிரி கடை எல்லா ஊர்லயும் இருக்கு, வாசல்ல பெரிய போர்டு, உள்ள எப்பவும் ரெண்டு மூணு காரு பானெட்ட தூக்கிட்டு நிக்கும், ஆன்லைன்ல பாத்தா எல்லாமே அஞ்சு ஸ்டார். 18,500 ரூவா வாங்கிட்டு, மாத்தவே மாத்தாத கம்ப்ரசர (ஏசி கேஸ அமுக்குற பம்ப்) மாத்திட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்கானுங்க.

நம்ம காரு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். ரிங் ரோட்டுல போனா ஏசி நல்லா குளுரும், காளவாசல் சிக்னல்ல நின்னா வெந்த காத்து வரும், நகந்து கொஞ்ச தூரம் ஓடுனா திரும்ப குளுரும். இதான் கம்ப்ளைன்ட். சித்திரைத் திருவிழா நேரம், ஊரு பூரா நெரிசல், அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு பிசியோதெரபிக்கு வேற கூட்டிட்டு போயிட்டு வரணும், வயசானவங்கள அந்த வெயில்ல கண்ணாடிய இறக்கி விட்டு எப்படி கூட்டிட்டு போறது. அதனால கடைக்கு போனேன். நின்னா குளுரல, ஓடுனா குளுருதுன்னு தெளிவா சொன்னேன். ஏசி வேலை தெரிஞ்ச எவனுக்கும் அந்த ஒரு வரி போதும்.

கடைல இருந்த ஆளு பேசுனத கேட்டா யாரும் நம்புவாங்க. "உக்காருங்கண்ணே"ன்னு சேர் போட்டான், டீ சொன்னான், கேஸ் அழுத்தம் பாக்குற கேஜ் செட்ட கொண்டாந்து என் கண்ணு முன்னாடியே மாட்டுனான், நீல ஹோஸ் லோ சைடு, சிவப்பு ஹோஸ் ஹை சைடுன்னு சொல்லிக் குடுத்தான். இஞ்சின ஐடில்ல விட்டு ஏசிய போட்டான். "பாருங்கண்ணே முள்ளு எங்க நிக்குதுன்னு, கம்ப்ரசர் உள்ள போயிருச்சு, இதோட ஓட்டுனீங்கன்னா இரும்புத் தூள் லைன் பூரா ஏறி எல்லாத்தையும் மாத்த வேண்டியதாகிரும்"னான். அடுத்து அவன் சொன்னதுதான் இன்னும் காதுல நிக்குது. "போட்டோ எடுத்துக்கங்கண்ணே, நாளைக்கு ஏமாத்திட்டான்னு ஒரு சொல்லு வந்துறக் கூடாதுல்ல." நானும் எடுத்தேன். ஏமாத்துறவன் எவனாவது ஆதாரத்த கையில குடுப்பானா, அந்த ஒரு பேச்சுலதான் முழுசா நம்பிட்டேன்.

ரீகண்டிஷன் கம்ப்ரசர் 13,500, கேஸ் 2,800, ஆயில் வேக்யூம் 700, கூலி 1,500. மொத்தம் 18,500 ரூவா. காலைல வண்டிய விட்டுட்டு போங்க சாயங்காலம் வாங்கன்னான். போனா பளபளன்னு கருப்பு கம்ப்ரசர டார்ச் அடிச்சு காமிச்சான், பழச கேட்டதுக்கு எக்ஸ்சேஞ்ச்ல போயிருச்சுண்ணேன்னான். அவனே ரிங் ரோட்டுல ஒரு ரவுண்டு ஓட்டிக் காமிச்சான், ஜில்லுன்னு வந்துச்சு, வராம என்ன செய்யும், அது சாயங்காலம், எண்பதுல போற வண்டி. பணத்த ஜிபே பண்ணிட்டு வந்துட்டேன்.

மறுநாளே சிக்னல்ல அதே வெந்த காத்து. போன் பண்ணா "கேஸ் செட் ஆகணும்ணே, ரெண்டு நாள் ஓட்டுங்க"ங்குறான். கேஸ் செட் ஆகுறதுன்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது, போட்ட நிமிசத்துலயே குளுரணும். அப்புறம் "வெயில் அப்படிண்ணே, எல்லா வண்டியும் இப்படித்தான்"னான். நேர்ல போனா மொதலாளி ஊர்ல இல்லங்குறாங்க, அவர் வந்தாதான் வாரண்டி பாக்க முடியுமாம். மொதலாளி வந்ததுக்கப்புறம் அந்தாளு பேசுன பேச்சு, "கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு, உங்க கூலிங் காயில் அடைச்சிருக்கு, டேஷ்போர்ட கழட்டணும், இன்னொரு ஒம்பதாயிரம் ஆகும்". வாரண்டின்னு சொன்னீங்களேன்னு கேட்டா பில்லுல எழுதியிருக்கான்னு என்னையவே கேக்குறாரு. பில்ல எடுத்துப் பாத்தா மேல எஸ்டிமேட்னு போட்டிருக்கு, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. 18,500 ரூவாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு.

என் மச்சினன் துபாய்ல கார் ஏசி வேலைதான் பாத்தான், லீவுல வந்திருக்கான். அந்த கேஜ் போட்டோவ காமிச்சேன். பாத்த உடனே "மாமா, இது கம்ப்ரசர் கம்ப்ளைன்டே இல்ல"ன்னான். நீல முள்ளு 60 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) கிட்ட, சிவப்பு முள்ளு 350 தாண்டி நிக்குது. நம்ம ஊரு வெயிலுக்கு ஆர்134ஏ கேஸ் வண்டில நீலம் 40 பக்கம், சிவப்பு 250 பக்கம் இருந்தா சரி. கம்ப்ரசர் போயிருந்தா நீலம் ஏறி சிவப்பு இறங்கணும், ஏன்னா அதால அமுக்க முடியல. ரெண்டும் சேந்து ஏறுனா வண்டி முன்னாடி ரேடியேட்டர் மாதிரி இருக்குற கண்டென்சர் கேஸோட சூட்ட வெளிய விடலன்னு அர்த்தம், ஒண்ணு அது அடைச்சிருக்கணும், இல்ல ஃபேன் ஓடல, இல்ல கேஸ் அளவுக்கு மேல கெடக்கு. அவன் எடுக்கச் சொன்ன போட்டோவே அவன் பொய்யச் சொல்லுது!

அப்பவே வீட்டு வாசல்ல பானெட்ட தூக்குனோம். இஞ்சின் ஆன், ஏசி ஆன், ரேடியேட்டர் ஃபேன் சுத்துது, பக்கத்துல இருக்குற கண்டென்சர் ஃபேன் அசையக் கூட இல்ல. மச்சினன் ஒரு பக்கெட் தண்ணிய கண்டென்சர் மேல மெதுவா ஊத்துனான், உள்ள உக்காந்திருந்த எனக்கு ஏசி காத்து உடனே ஜில்லுன்னு மாறுச்சு. காரணம் லேசு, வண்டி வேகமா போறப்ப எதுத்தாப்புல வர்ற காத்தே கண்டென்சர ஆத்திரும், நின்னா அந்த ஃபேன்தான் ஆத்தணும். ரேடியேட்டர் ஃபேன் தனியா ஓடுனதால இஞ்சின் டெம்பரேச்சர் முள்ளும் ஏறல.

அப்புறம் ஒண்ணொண்ணா பாத்தோம். ஃபியூஸ் நல்லாருக்கு. ஃபேனுக்கு கரண்ட் விடுற சுவிட்ச் மாதிரி இருக்குற ரிலேவ ஹாரன் ரிலேவோட மாத்திப் போட்டுப் பாத்தோம் (நம்ம வண்டில ரெண்டும் ஒரே நம்பர், உங்க வண்டில நம்பர பாத்துட்டு மாத்துங்க), அப்பவும் ஓடல. ஃபேன் சாக்கெட்ல டெஸ்ட் லேம்ப் வச்சா எரியுது, அப்ப கரண்ட் வருது, மோட்டார்தான் செத்திருக்கு. ஒரு குச்சிய வச்சு மோட்டார் முதுகுல தட்டுனான், நாலு சுத்து சுத்திட்டு நின்னுச்சு, உள்ள கரண்ட கொண்டு போற கார்பன் தேஞ்சு போச்சு. இன்னைக்கு காலைல தெற்குவாசல்ல புது மோட்டார் 1,900 ரூவாய்க்கு வாங்கி மாட்டியாச்சு, நட்ட நடு மத்தியானம் சிக்னல்ல நிக்குறப்பவும் குளுருது.

வேலைய தப்பா கணிச்சிட்டாங்கன்னு விடலாம்னா, வண்டிய தூக்கி கீழ இருந்து கம்ப்ரசர பாத்தோம் பாருங்க. மவுண்டிங் போல்ட்டுல பழைய மண்ணு அப்படியே ஒட்டிக் கெடக்கு, அந்த மண்ணு மேலயே கருப்பு ஸ்ப்ரே பெயின்ட். வயர் மேலயும் பெயின்ட். பைப் சேர்ற எடத்துல ஸ்பேனர் பட்ட தடம் கூட இல்ல. கழட்டவே இல்ல! அதே கம்ப்ரசர்! 13,500 ரூவாய்க்கு பெயின்ட் அடிச்சிருக்கான். கேஸ் கதை இன்னொண்ணு, சீட்டுல 700 கிராம்னு போட்டு காசு வாங்கியிருக்கான், பானெட் அடியில கம்பெனி ஸ்டிக்கர்ல 380 கிராம்னு இருக்கு. நிஜமா 700 ஊத்தியிருந்தா ஏசி ஓடியே இருக்காது.

சாயங்காலம் பெயின்ட் போட்டோவ அனுப்புனேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல, இப்ப நம்பர பிளாக் பண்ணிட்டாங்க. 18,500 ரூவா. அம்மா பிசியோதெரபிக்குன்னு எடுத்து வச்ச பணம் அதுல பாதி.

எப்படி செக் பண்றதுன்னு விளக்கமா எழுதலாம்னு இருந்தேன், இப்ப முடியல, மண்ட காயுது. அவசரத்துக்கு இத மட்டும் பாத்துக்கங்க. கடைக்கு போறதுக்கு முன்னாடி வீட்டுல ஏசிய போட்டு கண்டென்சர் ஃபேன் சுத்துதான்னு பாருங்க, கைய உள்ள விடாதீங்க, எப்ப வேணா சுத்த ஆரம்பிக்கும். கம்ப்ரசர் மாத்தணும்னா கூடவே நில்லுங்க, பழச கையில வாங்குங்க. கேஸ் எத்தன கிராம்னு ஸ்டிக்கர பாத்துட்டு பேசுங்க. கேஸ் பைப்ப வீட்டுல கழட்டாதீங்க, தோல்ல பட்டா பொத்துரும். லீக் அடைக்கிற டப்பான்னு ஆன்லைன்ல விக்கிறத ஊத்தவே ஊத்தாதீங்க. ஜிஎஸ்டி பில்லு தரலைன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. நான் நாளைக்கு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் போடுறேன், அதுல ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு, அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது. துண்டுச் சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், கேஜ் போட்டோ, பெயின்ட் போட்டோ நாலும் பத்திரமா இருக்கு.